மே மாதத்தில் எட்டோஷா: நீரை வைத்துத் திட்டமிடுங்கள்

8 வயது மகளையும் 66 வயதுத் தாயாரையும் அழைத்துக்கொண்டு, பள்ளி விடுமுறையான மே மாதத்தில் நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்குப் போகலாமா, காரை நாமே ஓட்டிச் செல்ல முடியுமா, விலங்குகளோடு இயற்கைக் காட்சிகளும் கிடைக்குமா, எத்தனை நாள் தங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களே சிறந்தவை என்று எல்லோரும் சொல்வதால், இவ்வளவு பணமும் விடுப்பும் செலவழித்துப் போய் வெறும் புல்லைப் பார்த்துத் திரும்ப நேருமோ என்ற கவலையே இக்கேள்விகளின் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. போகலாம் என்பதே என் பதில். மே மாதத்தின் பிற்பாதியைத் தேர்ந்தெடுங்கள். பூங்காவுக்குள் குறைந்தது நான்கு இரவுகள் தங்குங்கள். நாள் முழுவதும் வண்டி ஓட்டித் தேடுவதைக் குறைத்து, நீர்நிலைகளின் அருகே காத்திருக்கப் பழகுங்கள். நான் விலங்கியல் படித்தவன். நமீபியாவின் வடபகுதியில் பல ஆண்டுகள் களப்பணியில் இருந்தவன். பூங்கா நிர்வாகத்தைச் சேர்ந்தவன் அல்லன், மருத்துவனும் அல்லன். ஆகவே விலங்குகளைப் பற்றியும் பருவங்களைப் பற்றியும் நான் சொல்வதற்குள்ள உறுதி, உடல்நலம் குறித்துச் சொல்வதற்கு இல்லை.

எட்டோஷாவில் எதையும் தீர்மானிப்பது நீர்தான். பூங்காவின் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். அதில் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், பெரும்பாலும் எதுவும் முளைக்காத வெண்மையான உப்புப் படுகை. பழங்காலத்தில் அங்கே ஒரு பேரேரி இருந்தது. குனேனே ஆறு அதற்கு நீர் கொண்டுவந்தது என்றும், நிலம் மெல்ல எழும்பிச் சாய்ந்ததால் ஆறு மேற்கே அட்லாண்டிக் கடலை நோக்கித் திரும்பிவிட ஏரி வற்றிப்போனது என்றும் நிலவியலாளர் பலர் கருதுகின்றனர். ஏரி இருந்ததில் ஐயமில்லை. ஆறு திசைமாறிய காலமும் விதமும்தான் இன்னும் விவாதத்துக்குரியவை. இன்றும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில், அங்கோலாவிலிருந்து இறங்கும் குவேலாய் ஓடைகளின் வெள்ளம் எக்குமா, ஒஷிகம்போ என்னும் ஆறுகள் வழியே வந்து படுகையின் ஒரு பகுதியில் மெல்லிய நீர்ப்பரப்பாகத் தேங்கும். பூநாரைகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறிவிடுவதால், பாலூட்டிகள் குடிநீருக்கு அதை நம்பி வாழ முடியாது.

குடிநீர் கிடைப்பது படுகையின் தென்விளிம்பில். அங்கே சுண்ணாம்புப் பாறை களிமண்ணைச் சந்திக்கும் இடங்களில் நிலத்தடி நீர் ஊற்றாக வெளிவருகிறது. சால்வடோரா, ஒகெர்ஃபொன்டெய்ன் போன்றவை அத்தகைய ஊற்றுகள். கிழக்கே நமுடோனி, சுடோப் ஆகிய இடங்களில் நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழும்புகிறது. இவற்றோடு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் இறைத்து நிரப்பப்படும் குட்டைகளும் உண்டு. பயணிகளுக்கான சாலைகள் இந்த நீர்நிலைகளைத் தொட்டுத் தொட்டே போடப்பட்டிருக்கின்றன. மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஓய்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை கடுமை. அந்த மாதங்களில் மொபானி மரக்காடுகளுக்குள் இருக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் நீர் நிற்பதால், விலங்குகளுக்குச் சாலையோர ஊற்றுகளின் தேவையே இல்லை. மழை நின்றபின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக வற்ற, நிரந்தர நீர்நிலைகளை நோக்கிக் கூட்டம் திரள்கிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் வேறு வழியே இல்லாத நிலை வருகிறது. ஆகஸ்டைப் பலர் பரிந்துரைப்பதற்குக் காரணம் இந்தத் திரட்சிதான்.

மே மாதம் இந்த மாற்றத்தின் நடுவே வருகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். மழை பெய்ய வாய்ப்பு மிகக் குறைவு, வானம் தெளிந்திருக்கும், புழுதி அடங்கியிருக்கும், பகல் வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள் நிற்கும், ஆகஸ்டு நெரிசலும் இருக்காது. வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, ஸ்பிரிங்பாக், ஓரிக்ஸ், வில்டபீஸ்ட் என்னும் இரலை வகைகள் ஆகியவற்றை எந்த மாதத்திலும் நிறையப் பார்க்கலாம். அவற்றைப் பார்க்காமல் ஒருவர் எட்டோஷாவிலிருந்து திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஐயத்துக்குரியது யானைக் கூட்டங்களின் நிலை. மழைக்காலத்தில் அவற்றில் பெரும்பகுதி பூங்காவின் தொலைவான பகுதிகளுக்குப் பரவிவிடும். அவை எப்போது திரும்பும் என்பது அந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. ஏப்ரலில் பெருமழை பெய்திருந்தால் மே இறுதியிலும் குட்டைகள் வெறிச்சோடியிருக்கலாம், மார்ச்சிலேயே மழை நின்றிருந்தால் ஆகஸ்டைப் போன்ற காட்சிகள் மே மாதத்திலேயே அமையலாம். பிற்பாதியை நான் வற்புறுத்துவது இதனால்தான், அந்த இரண்டு வாரங்களில் நிலம் வெகுவாகக் காய்ந்துவிடும். 2025 செப்டம்பரில் மூண்ட பெருந்தீயில் பூங்காவின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்ததையும் நீங்கள் படித்திருக்கலாம். புல்வெளி மழை பெற்றால் விரைவாகத் துளிர்க்கும். மரங்கள் தேறுவதற்கே ஆண்டுகள் ஆகும். ஆகவே சில இடங்களில் கருகிய அடிமரங்களைக் கண்டால் வியப்படையாதீர்கள்.

மழை முடியும் தறுவாயில் சமவெளி விலங்குகளில் பெரும்பங்கு ஒகௌகுவேயோ முகாமுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள புல்வெளிகளில் இருக்கும். நிலம் காயக் காய அவை கிழக்கு நோக்கி நகரும். ஆகவே மே மாதத்தில் உங்கள் முதல் இரண்டு இரவுகளை ஒகௌகுவேயோவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வடக்கே, படுகையின் விளிம்பை ஒட்டி இருக்கும் ஒகொண்டேகா ஊற்று சிங்கங்களுக்குப் பெயர்பெற்றது. வரிக்குதிரைகளும் வில்டபீஸ்டுகளும் அங்கே நீண்ட வரிசையில் நடந்து வந்து நீர் அருந்துவதால் சிங்கங்களும் அருகிலேயே படுத்துக்கிடக்கும். விடிந்ததும் முதலில் அங்கே போங்கள். கிழக்குப் பக்கம் நெப்ரௌனி, கெம்ஸ்பொக்ஃப்ளாக்டே ஆகிய இரண்டு நீர்நிலைகளும் பிற்பகலுக்கு ஏற்றவை. அடுத்து ஹலாலி முகாமில் தங்கினால் சால்வடோரா, ரீட்ஃபொன்டெய்ன், கோவாஸ் ஆகியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நமுடோனி முகாமுக்கு அருகே சுடோப், கிளெய்ன் நமுடோனி ஆகிய நீர்நிலைகளும், டிக்டிக் என்னும் மிகச் சிறிய இரலையைப் பார்க்கவென்றே ஒரு சுற்றுப்பாதையும் உள்ளன. ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த விலங்கு பெரும்பாலும் இணையாகவே திரியும். உங்கள் மகளுக்குச் சிங்கத்தைவிட அதுவே பிடித்துப்போகக்கூடும்.

காத்திருப்பது எப்படி என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பெரும்பாலான பயணிகள் ஒரு நீர்நிலைக்கு வருகிறார்கள், ஐந்து நிமிடம் பார்க்கிறார்கள், ஒன்றுமில்லை என்று அடுத்ததற்குப் போகிறார்கள். இப்படி ஒரு நாளில் பத்து நீர்நிலைகளைத் தொட்டவர்களைவிட, இரண்டே இடங்களில் இரண்டிரண்டு மணி நேரம் அமர்ந்தவர்கள் அதிகம் பார்த்ததை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள், எஞ்சினை அணைத்துவிடுங்கள், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு மெல்லிய குரலில் பேசுங்கள். முதலில் நீர் விளிம்பைப் பார்க்காமல், நீரை நோக்கி வரும் ஒற்றையடித் தடங்களையும் மரநிழல்களையும் பைனாகுலரில் நிதானமாகத் துழாவுங்கள். வந்திருக்கும் விலங்குகளின் நடத்தையே பல செய்திகளைச் சொல்லிவிடும். ஸ்பிரிங்பாக் கூட்டம் நீருக்கு 100 மீட்டர் தொலைவில் நின்றுகொண்டு குடிக்க வராமல் தயங்கினால், இடையில் எங்கோ சிங்கமோ சிறுத்தையோ படுத்திருக்க வாய்ப்புண்டு. ஒட்டகச்சிவிங்கிகள் எல்லாம் ஒரே திசையில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அவை பார்க்கும் திசையில் நீங்களும் தேடுங்கள். அந்த உயரத்திலிருந்து அவற்றுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது. ஒட்டகச்சிவிங்கி நீர் குடிக்க முன்னங்கால்களை அகட்டிக் குனிய வேண்டும், அந்த நிலையில் அதனால் சட்டென்று ஓட முடியாது என்பதால் அது குனிவதற்குமுன் நெடுநேரம் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பொறுமையாகப் பார்ப்பதே ஒரு கல்வி. வரிக்குதிரைகள் முற்பகலில் அதிகம் வரும். யானைகள் வெயிலேறியபின் வருவது வழக்கம். அவை வந்ததும் மற்ற விலங்குகள் விலகி இடம்விட்டு நிற்கும்.

இரவுக் காட்சிதான் எட்டோஷாவின் தனிச்சிறப்பு என்பது என் கருத்து. ஒகௌகுவேயோ, ஹலாலி, நமுடோனி ஆகிய மூன்று முகாம்களிலும் வேலிக்கு வெளியே ஒளியூட்டப்பட்ட நீர்நிலைகள் உள்ளன. வேலிக்கு இப்பால் இருக்கைகளில் அமர்ந்து இரவு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். இவற்றில் ஒகௌகுவேயோவுக்கு ஈடு இல்லை. உலகில் மிக அருகிவிட்ட கறுப்புக் காண்டாமிருகங்கள் பெருந்தொகையில் எஞ்சியிருக்கும் இடங்களில் எட்டோஷாவும் ஒன்று. பகலில் முட்புதர்களுக்குள் தனித்து மறையும் அவை, இருட்டியபின் நீர் குடிக்க வரும்போது ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. தாயும் கன்றும் வரும்போது மற்றவை நடந்துகொள்ளும் விதத்தை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். கள்ள வேட்டை தொடர்வதால் அவற்றின் எண்ணிக்கையையும் நடமாட்டத்தையும் அதிகாரிகள் விரிவாக வெளியிடுவதில்லை. நீங்களும் காண்டாமிருகப் படங்களை இடக்குறிப்புடன் இணையத்தில் பகிராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தாயாருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்தும். பகலில் வண்டியில் குலுங்க விருப்பமில்லாவிட்டால் முகாமிலேயே ஓய்வெடுத்து, மாலை முதல் இருக்கையில் அமர்ந்து நிறையப் பார்த்துவிடலாம். ஹலாலியின் நீர்நிலைக்குப் பாறைப்பாங்கான ஏற்றத்தில் நடக்க வேண்டும், மூட்டுவலி இருந்தால் கைப்பிடித்து அழைத்துப்போங்கள். நமுடோனியில் நாணல் மண்டியிருப்பதால் இரவில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கே இல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். எருமை, நீர்யானை, முதலை மூன்றும் எட்டோஷாவில் கிடையாது. மகள் நீர்யானையைப் பார்க்க ஏங்கினால் இது அதற்கான பூங்கா அல்ல. சிங்கத்தை நான்கு நாட்களில் காண நல்ல வாய்ப்புண்டு என்று சொல்வேன், உறுதி தரமாட்டேன். சிறுத்தையும் சிவிங்கிப்புலியும் முழுக்க நற்பேறு. அதே வேளையில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத சில இங்கே உண்டு. நெற்றியிலிருந்து மூக்குவரை கரும்பட்டை ஓடும் கருமுக இம்பாலா என்னும் இரலை வடமேற்கு நமீபியாவையும் அதை ஒட்டிய தென்மேற்கு அங்கோலாவையும் தாயகமாகக் கொண்டது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைக் காப்பதற்காகவே பல விலங்குகள் எட்டோஷாவுக்குக் கொண்டுவரப்பட்டன. பறவைகளில் கோரி பஸ்டர்டைத் தவறவிடாதீர்கள். நம் நாட்டில் அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலும் அதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இங்கே அது சாலையோரப் புல்வெளியில் அச்சமின்றி நடந்துபோவதைப் பார்க்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வரும்.

இயற்கைக் காட்சிகளைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், மலை, அருவி, பசுங்காடு என்று எதிர்பார்ப்பவருக்கு எட்டோஷா ஏமாற்றமளிக்கும். நிலம் தட்டையானது, மரங்கள் குட்டையானவை, நிறம் என்பது வெண்மையும் மங்கிய பொன்னும்தான். படுகைக்குள் சற்றுத் தூரம் நீளும் ஒரு பாதை ஹலாலி முகாமின் பக்கம் இருக்கிறது. அதன் முனையில் வண்டியை நிறுத்தினால் நாற்புறமும் தொடுவானம்வரை வெண்தரை மட்டுமே தெரியும். அது ஒருவகைப் பேரழகு, ஆனால் எல்லோருக்குமானது என்று சொல்லமாட்டேன். மலைக்காட்சி வேண்டுமென்றால், திரும்பும் வழியில் ஒட்சிவரோங்கோ ஊருக்குக் கிழக்கே உள்ள வாட்டர்பெர்க் பீடபூமியில் ஓர் இரவு தங்குங்கள். சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் செம்பாறைச் சுவரை மாலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1904 ஆகஸ்டில், அப்போது இந்நாட்டை ஆண்ட ஜெர்மானியரின் படைக்கும் இந்த மண்ணின் ஹெரேரோ மக்களுக்கும் போர் நடந்ததும், அதன்பின் அம்மக்கள் பாலைக்குள் துரத்தப்பட்டு இனப்படுகொலைக்கு உள்ளானதும் அதன் அடிவாரத்திலிருந்துதான் என்பதை அறிந்துகொண்டு போவது அந்த நிலத்துக்குச் செய்யும் மரியாதை. மகளுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். குரூட்ஃபொன்டெய்ன் ஊருக்கு அருகே ஹோபா என்னும் இரும்பு விண்கல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. எடை ஏறத்தாழ 60 டன், பூமியில் இதுவரை அறியப்பட்ட விண்கற்களில் மிகப் பெரியது. கிழக்கு வாயில் வழியே வெளியேறினால் சிறிது சுற்றிக்கொண்டு பார்த்துவிடலாம். சோசுஸ்ஃப்ளேயின் செம்மணல் குன்றுகளை ஒரே வாரத்துக்குள் சேர்க்க முயலாதீர்கள். அது தலைநகர் விண்ட்ஹோக்குக்குத் தென்மேற்கே வெகுதொலைவில், பூங்காவுக்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

பூங்காவின் வரலாற்றில் எழுதப்படாமல் விடப்படும் ஒரு பகுதியும் உண்டு. ஜெர்மானிய ஆளுநர் ஃபிரீட்ரிக் ஃபொன் லிண்டெக்விஸ்ட் 1907இல் இந்தப் பகுதியைக் காப்பிடமாக அறிவித்தபோதும் அதற்கு முன்பும் ஹாயொம் என்னும் சான் பழங்குடி மக்கள் இந்த ஊற்றுகளை ஒட்டியே வாழ்ந்துவந்தார்கள். நீங்கள் நிற்கப்போகும் நீர்நிலைகள் பலவும் அவர்களுடைய குடியிருப்புகள். 1954இல் அவர்கள் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த நில உரிமைக் கோரிக்கை இன்றும் தீரவில்லை. நமுடோனியில் வெள்ளையடித்து நிற்கும் கோட்டைக்கும் ஒரு கதை உண்டு. 1904 ஜனவரியில் ஒண்டோங்கா அரசர் நெஹாலேயின் வீரர்கள் அதைத் தாக்கினார்கள். உள்ளே இருந்த ஏழு ஜெர்மானியர்களும் இரவோடு தப்பிவிட, கோட்டை அழிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. பூங்காவின் வடவாயில் இன்று அந்த அரசரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சொந்தமாக ஓட்டுவது இயலும். நமீபியாவில் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். விண்ட்ஹோக்கிலிருந்து ஒகௌகுவேயோ ஏறத்தாழ 435 கிலோமீட்டர், முழுவதும் தார்ச்சாலை. ஆனால் நெடும்பயணம் செய்து விமானத்திலிருந்து இறங்கிய அன்றே புறப்படாதீர்கள். ஓர் இரவு தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். இருட்டியபின் நெடுஞ்சாலையில் ஓட்டவே வேண்டாம், குடு மான்களும் காட்டுப்பன்றிகளும் திடீரென்று குறுக்கே பாயும். பூங்காவுக்குள் பெரும்பாலும் சரளைச் சாலை, வேக வரம்பு 60 கிலோமீட்டர். சாதாரணக் காரே போதும் என்றாலும், தரையிலிருந்து உயர்ந்த வண்டி எடுத்தால் புல்லுக்கு மேலாகப் பார்க்க முடியும் என்பதால் மே மாதத்தில் அதுவே மேல். பஞ்சர் சாதாரணம், ஸ்டெப்னியும் ஜாக்கியும் சரியாக இருக்கின்றனவா என்று வாடகை நிலையத்திலேயே திறந்து பாருங்கள், டயருக்கும் கண்ணாடிக்கும் தனிக் காப்பீடு எடுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் உரிமத்தோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். வாயில்கள் கதிரவன் எழும்போது திறந்து மறையும்போது மூடப்படும். மே இறுதியில் அது காலை ஏழு மணியைத் தாண்டித்தான் எழும், மாலை ஆறரை மணிக்குள் மறைந்துவிடும். ஆகவே பகல் பொழுது நீங்கள் நினைப்பதைவிடக் குறுகியது. வேலியிட்ட ஓய்விடங்களைத் தவிர வேறெங்கும், ஒரு நொடிகூட, வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. மகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலேரியா பற்றி என்னால் எச்சரிக்க மட்டுமே முடியும். வட நமீபியா மலேரியா உள்ள பகுதி. மழைக்காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும் அபாயம் கூடுதல் என்பதால் மே மாதம் விலக்கல்ல. தடுப்பு மாத்திரை வேண்டுமா, குழந்தைக்கும் தாயாருக்கும் எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பாருங்கள். திரும்பிவந்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், போய்வந்த இடத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். நீர்நிலை இருக்கையில் இரவு பத்து மணிவரை அமர்ந்திருக்கக் கம்பளிச் சட்டையும் போர்வையும் தேவை. நீங்கள் சைவ உணவினர் என்றால் முகாம் உணவகங்களை மட்டும் நம்பாதீர்கள், இறைச்சியே முதன்மை. விண்ட்ஹோக்கிலோ வழியிலுள்ள ஊட்ஜோ ஊரிலோ அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களை நமீபியா ஒயில்ட்லைஃப் ரிசார்ட்ஸ் என்னும் அரசு நிறுவனம் நடத்துகிறது. வாயிலுக்கு வெளியே உள்ள தனியார் விடுதிகள் பெரும்பாலும் வசதியில் மேலானவை. ஆனால் இரவுக் காட்சியும் விடிகாலையின் முதல் அரைமணி நேரமும் உள்ளே தங்குபவர்களுக்கே கிடைக்கும் என்பதால், சற்றே பழைய அறைகளைப் பொறுத்துக்கொண்டு உள்ளே தங்குவதையே நான் சொல்வேன். ஒகௌகுவேயோவில் இரண்டு, ஹலாலியில் ஒன்று, நமுடோனியில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். முகாம்களுக்கு இடையே 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான், ஆனால் நீர்நிலைகளில் நின்று நின்று போனால் ஒரு முழுப் பகல் ஆகிவிடும். ஐந்தாம் இரவுக்கு வழியிருந்தால் அதை ஒகௌகுவேயோவோடு சேர்த்துவிடுங்கள். முதலில் அந்த அறைகளை உறுதி செய்யுங்கள், ஏனெனில் நீர்நிலையை ஒட்டிய அறைகள்தான் எல்லாவற்றுக்கும் முன்பே தீர்ந்துபோகின்றன. விமானச் சீட்டையும் வண்டியையும் அந்தத் தேதிகளுக்கு ஏற்பப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.